டிமான்டி பேய் இல்ல: கோவளத்துல ஒரு மாதா கோயிலும் ஒரு அலையும்

2015-ல வந்த 'டிமான்டி காலனி' படம் நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அதுக்கப்புறம் டிமான்டின்னு சொன்னாலே நமக்குப் பேய்தான் ஞாபகம் வருது. ஆனா ஜான் டி மான்டி நிஜமாவே சென்னையில வாழ்ந்த மனுஷன். போர்த்துகீசியப் பின்னணி உள்ள பெரிய வியாபாரி. 1821-ல இறந்தவரை அடக்கம் பண்ணினது கோவளத்துல, அவரே 1808-ல கட்டின கார்மேல் மாதா கோயில்ல. தன் சொத்துல பெரும்பகுதியைத் திருச்சபைக்கு எழுதி வச்சுட்டுப் போனவர் அவர்.

சரி, எதுக்குக் கோவளம்? வரைபடத்தைத் திறந்து பாருங்க. நேரா ஓடுற கரை, கோவளத்துல கொஞ்சம் கடலுக்குள்ள மூக்கை நீட்டுது. கப்பல்ல வந்தவங்களும் இந்த ஊரை விட்டுவைக்கல. 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்துல, இன்னைக்கு பெல்ஜியத்துல இருக்கிற ஆஸ்டெண்ட் நகரத்து வியாபாரிகள் இங்க வணிகத்தளம் வச்சிருந்தாங்க. பிறகு இங்கிருந்த கோட்டை பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போச்சு. 1752-ல ராபர்ட் கிளைவ் அதைப் பிடிச்சார், கோட்டையும் தகர்க்கப்பட்டுது. இப்போ அந்த இடத்துல நட்சத்திர ஹோட்டல் நிக்குது. கோட்டை போய் அரை நூற்றாண்டு கழிச்சு வந்த மாதா கோயில் மட்டும் இன்னும் அப்படியே நிக்குது. கொஞ்ச தூரத்துலயே தமீம் அன்சாரி தர்காவும் இருக்கு.

நீங்க சர்ஃபிங் பண்ண வர்ற அலைக்கும் அதே மூக்குதான் காரணம். சாதாரண கரையில அலை ஒரே நேரத்துல மொத்தமா உடையும். நிலம் நீட்டிக்கிட்டிருக்கிற இடத்துல அலை வளைஞ்சு, ஒரு பக்கத்திலிருந்து வரிசையா உடைஞ்சுக்கிட்டே வரும். பலகையில நிக்கறவங்களுக்கு நீளமான சவாரி கிடைக்கும். இந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் மற்றவங்களோட சேர்ந்து 2012-ல சர்ஃப் பள்ளி தொடங்கினார். மீனவப் பிள்ளைங்க பலர் இங்க பலகை ஏறினாங்க. 2021-ல கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றும் கிடைச்சுது.

இப்போ கோடை விஷயத்துக்கு வருவோம். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியா பைக்கை விரட்டினா நேரா இங்கதான் வந்து நிப்போம். நாம இப்படி வர்ற அதே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஃபைபர் படகுக்கும் கட்டுமரத்துக்கும் தடை இல்ல. பெரிய படகு கடலுக்குப் போகாத நாள்ல இவங்க கொண்டுவர்ற மீனுக்கு நல்ல கிராக்கி. அதனால நமக்கு லீவு நாளா இருந்தாலும், அந்த மணல்ல அது வேலை நாள். நம்ம செல்ஃபிக்குப் பின்னணியா இருக்கிற வலை ஒரு குடும்பத்தோட முதலீடு. அதை மிதிச்சுக்கிட்டுப் போகாதீங்க, படகு ஏத்துற வழியில பைக்கை நிறுத்தாதீங்க.

மாதா கோயிலும் அப்படித்தான். அது வெறும் பழைய கட்டடம் இல்ல, ஊர் மக்கள் பூசைக்கு வர்ற இடம். கார்மேல் மாதா திருநாள் ஜூலை 16. போனா செருப்பைக் கழட்டிட்டு, போனை சைலன்ட்ல போட்டுட்டு உள்ள போங்க. பேய்க்கதை ரீல்ஸ் எடுக்க வேண்டாம். 200 வருஷமா நிக்கிற கோயிலைக் கட்டினவர் அங்க தூங்கறார், அவ்வளவுதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.