நாயின் சுபாவமும் அதற்குரிய தேவைகளும்
திருவண்ணாமலைப் பகுதி நிலக்காரர்களும் ஊராட்சியினரும் கவனிக்க வேண்டிய விஷயங்கள்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் நடந்து செல்கின்றனர். அன்றிரவு வழி நெடுக அன்னதானம் நடைபெறுவதும், உண்டபின் எறியப்படும் இலைகளையும் தொன்னைகளையும் நாடி நாய்கள் திரள்வதும் யாவரும் கண்ட காட்சியே. ஊரைக் கடந்து நாலைந்து மைல் சென்றாலோ, மணிலாக் கொல்லையில் காட்டுப்பன்றியை விரட்டவும், மோட்டார்க் கொட்டகைக்கும் களத்துக்கும் காவலாக இருக்கவும், ஆட்டுக் கிடைக்குத் துணையாகவும் நாய்கள் வளர்க்கப்படுவதைக் காணலாம். மாட்டுக்கு இன்னின்னது வேண்டுமென்று கேளாமலே சொல்லக்கூடிய குடியானவர்களுள், நாய்க்கு வேண்டியது யாதென்று அறிந்தவர் மிகக் குறைவு. எஞ்சிய சோற்றை வைத்துவிட்டால் போதும் என்பதே பொதுவான எண்ணம். இதன் பலன் கடியாகவும், ஆட்டு நஷ்டமாகவும், சிற்சில சமயம் உயிர்ச்சேதமாகவும் முடிகிறது.

நாயைப் பொறுமையுடன் கவனித்தால் என்னென்ன விளங்கும் என்பதற்கு இவ்வூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1922ஆம் ஆண்டு வரை மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் வசித்த ரமண மஹரிஷியிடம் பல நாய்கள் இருந்தன. சின்னக் கறுப்பன் என்ற கரிய நாய் முதலில் அருகே வராமல் தூரத்திலேயே நடமாடி வந்தது. யாரும் வற்புறுத்தாமையால் பிறகு தானே நெருங்கிப் பழகிற்று. கமலா என்ற பெட்டை நாய் குட்டியாக வந்து சேர்ந்தபோது, ஆண்டுக்காண்டு ஈன்று ஆசிரமத்தை நிறைத்துவிடுமே என்று அஞ்சிச் சிலர் அதை விரட்டப் பார்த்தனர். அது போகவில்லை, அவர்கள் அஞ்சியபடியே குடும்பமும் பெருகிற்று. முதல் ஈற்றின்போது கமலாவை நீராட்டி, மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, சுத்தமான இடத்தில் 10 நாட்கள் குட்டிகளுடன் வைத்திருந்தனர். புதிதாக வருவோருக்கு மலையைச் சுற்றிக் காட்டும்படி மஹரிஷி அதனிடம் சொல்ல, அது தீர்த்தங்களுக்கும் சந்நிதிகளுக்கும் வழி காட்டிச் செல்லுமாம். ஆர்தர் ஆஸ்பர்ன் 1954இல் வெளியிட்ட சரித நூலில் இவையாவும் கூறப்பட்டுள்ளன. மலையடிவாரத்து ரமணாசிரமத்தில், 1948இல் மறைந்த லக்ஷ்மி என்ற பசுவின் சமாதியருகே ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருப்பதை இன்றும் காணலாம்.

பக்தி நோக்கை ஒருபுறம் வைத்துக் கால்நடை நோக்கில் பார்த்தாலும் இதில் கவனிக்கத்தக்கன பல உள. அந்நாய்களுக்குத் தவறாமல் முதலில் ஆகாரம் கிடைத்தது. ஈற்றுக் காலத்தில் ஒதுக்கமான இடம் கிடைத்தது. கமலாவுக்கு ஒரு வேலை இருந்தது. நெருங்க அஞ்சிய நாயை எவரும் பிடித்திழுக்கவில்லை. ஆகாரம், இடம், வேலை, அச்சமின்மை என்ற நான்குமே நாயின் முக்கியமான தேவைகள்.

நாய் பேசும் முறை

நாய் ஓநாய் இனத்திலிருந்து பிரிந்து மனிதனை அடுத்து வாழத் தொடங்கிக் குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு காலம் உடனிருந்தும் அதன் சைகைகளை மனிதர் தவறாகவே படிக்கின்றனர். வாலை ஆட்டினால் அன்பு என்று கொள்வது இவற்றுள் முதல் தவறு. உடல் முழுவதும் நெகிழ்ந்து வால் அகலமாக ஆடுவது வேறு. உடல் விறைத்து, வால் மேல்நோக்கி நின்று அதன் நுனி மட்டும் துடிப்பது வேறு. பின்னதன் அருகே செல்லலாகாது. இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2007இல் கண்டறிந்தபடி, எஜமானரைக் காணும்போது வால் அதிகமாக வலப்பக்கமும், மிரட்டும் அந்நிய நாயைக் காணும்போது இடப்பக்கமும் சாய்ந்து ஆடுகிறதாம். இத்தனை நுட்பத்தைத் தெருவில் கவனிக்க எவராலும் இயலாது. ஆயினும் வாலுக்குப் பல பொருள் உண்டென்பது இதனால் உறுதியாகிறது.

நாய் பெரும்பாலும் எச்சரியாமல் கடிப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கமின்றியே கொட்டாவி விடும், காதைப் பின்னுக்கு மடக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். இவற்றை யாரும் பொருட்படுத்தாதபோதுதான் உறுமுகிறது. உறுமுவதற்காக நாயை அடிப்பவர் பலர். அதனால் நாய் அமைதியடைவதில்லை; உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்கிறது. உண்ணும்போதும், உறங்கும்போதும், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் நாயைச் சிறுவர் தொடாதபடி தடுப்பது பெரியவர் பொறுப்பு. சிறுவரின் முகம் நாயின் வாய்மட்டத்தில் இருப்பதால் அவர்களுக்கு ஏற்படும் காயம் பெரும்பாலும் தலையிலும் முகத்திலுமே அமைகிறது.

தெருநாய் மூர்க்கமானது என்ற எண்ணமும் முழுவதும் சரியன்று. கொல்கத்தாவிலுள்ள அறிவியல் ஆராய்ச்சிக் கல்வி நிலையத்தார் தெருநாய்களிடையே நடத்திய சோதனைகளில், பழக்கமில்லாத மனிதர் கையால் சுட்டிக் காட்டியதையும் அவற்றுட் பல புரிந்துகொண்டன. மீண்டும் மீண்டும் பழகுமிடத்து, உணவைவிட அன்பாகத் தடவிக் கொடுப்பதே அவற்றின் நம்பிக்கையை அதிகம் பெற்றது என்று 2017இல் வெளியிட்டுள்ளனர்.

சங்கிலியும் குட்டிப் பருவமும்

பகல் முழுவதும் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிவைத்தால் நாய் உக்கிரமாகி நல்ல காவலாகும் என்று நம்புவோர் உளர். உக்கிரமாவது மெய், காவலாவது பொய். விலகிப் போக வழியற்ற பிராணி அச்சத்தினால் கடிக்கும். அதற்குத் திருடனென்றும் பால்காரனென்றும் பேதம் தெரியாது. அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் நடந்து 1994இல் வெளியான ஆராய்ச்சியில், கடித்த நாய்களுள் விதையடிக்காத கடுவன்களும் சங்கிலியில் கட்டப்பட்டவையும் அதிகமாக இருந்தன. கட்டியே ஆகவேண்டிய இடத்தில், இரண்டு கம்பங்களுக்கிடையே நீளக் கம்பியிழுத்து அதில் சங்கிலி வளையத்தை ஓடவிடலாம். நாய் நிழலுக்கும் தண்ணீருக்கும் போய்வர இயல வேண்டும். காலையும் மாலையும் அரை மணி நேரமாவது வரப்போரம் நடத்திச் செல்வது நலம். வழியில் நின்று முகர்வதை இழுத்துத் தடுக்கலாகாது. நமக்குக் கண் எப்படியோ அதற்கு மூக்கு அப்படி. வேலையற்ற நாய்தான் செருப்பைக் கடித்துக் குதறுகிறது, இரவெல்லாம் காரணமின்றிக் குரைக்கிறது.

குட்டியை 30ஆம் நாளிலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொணர்வது கிராமங்களில் வழக்கம். 8 வாரம் தாயுடன் இருப்பதே தக்கது. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவைக் குட்டி தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமுமே கற்கிறது. பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 12, 14ஆம் வாரம் வரையுள்ள காலமே அது உலகைப் பழகும் பருவம் என்று ஸ்காட், புல்லர் என்ற இருவர் நெடுங்காலம் ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டனர். அப்பருவத்தில் ஆடு, மாடு, கோழி, குழந்தைகள், டிராக்டர்ச் சத்தம் யாவற்றுடனும் அச்சமின்றிப் பழகிய குட்டி, பிற்காலத்தில் ஆட்டைத் துரத்துவது அரிது. இருட்டறையில் அடைத்து வளர்த்த குட்டியைப் பின்னர்த் திருத்துவது மிகக் கஷ்டம். கார்த்திகை தீபத்தையும் தீபாவளியையும் ஒட்டி வெடிச் சத்தத்துக்கு அஞ்சி அறுத்துக்கொண்டோடும் நாய்களை, அந்நாட்களில் உள்ளறையில் விடுவதே போதுமானது.

ஜாதி விஷயத்தில் ஒரு வார்த்தை. பனிநாட்டு அடர்ரோம நாய்களை ஆடம்பரத்துக்காக வாங்கி இவ்வூர்ச் சித்திரை வெயிலில் வாட்டுவது கொடுமை. நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டுமே சிறிது உண்டு. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதாலேயே அது சூட்டைத் தணிக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு ஜாதிகள் இச்சீதோஷ்ணத்துக்கு ஏற்றவை. இவற்றுள் ராஜபாளையம் நாய் 2005இல் இந்தியத் தபால் தலையிலும் இடம் பெற்றது. வெண்ணிற ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு காணப்படுவதால், குட்டியின் பின்னால் கைதட்டிப் பார்த்து வாங்குக. சாதாரண நாட்டு நாயும் காவலுக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று, செலவும் குறைவு.

ஆகாரமும் ஆட்டுப்பட்டியும்

ஓநாயைவிட நாய்க்கு மாவுப்பொருளைச் செரிக்கும் சக்தி மிகுதி என்று ஸ்வீடன் தேசத்தார் 2013இல் காட்டினர். ஆகவே சோறும் கேழ்வரகுக் கூழும் தவறல்ல. அவை மட்டுமே போதா. முட்டை, மீன், இறைச்சி இவற்றில் ஏதேனும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்குமாதலால் மீந்த சாம்பாரையும் குழம்பையும் ஊற்றுவதை நிறுத்துதல் அவசியம். சாக்லேட்டும் திராட்சையும் விஷமாகும். வேகவைத்த எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கக்கூடும். உண்ணி நீங்கப் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய்மேல் பூசுவது அதன் உயிருக்கே ஆபத்து. நாய்க்கென்று உள்ள உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பெறுக.

ஆடு வளர்ப்போர் அறிய வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருவதும், தலையைச் சாய்த்து மந்தையை விட்டு ஒதுங்குவதும், பின் கண்தெரியாமல் விழுந்து மடிவதும் சில கிடைகளில் நேர்வதுண்டு. செய்வினை என்று அதற்குப் பரிகாரம் செய்வோரும் உளர். இதற்கு ஒரு முக்கிய காரணம் நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழு. அதன் முட்டை நாயின் மலத்துடன் புல்லில் விழுகிறது. ஆடு மேய்கையில் உள்ளே சென்று மூளையில் நீர்க்கட்டியாக வளர்கிறது. அந்த ஆட்டின் தலையை அறுத்து நாய்க்கு எறிந்தால் நாயினுள் மறுபடியும் புழு உண்டாகிறது. இதுபோன்ற மற்றொரு நாடாப்புழு ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாக்குவதோடு, முட்டை படிந்த கீரையாலும் கழுவாத கையாலும் மனிதரையும் பற்றி அதே உறுப்புகளில் கட்டியாகிறது. வழி எளிது: அறுத்த ஆட்டின் தலை, ஈரல், குடல் இவற்றைப் பச்சையாக நாய்க்குப் போடாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும், பட்டி நாய்க்கு 3 மாதத்துக்கொருமுறை புழுநீக்க மருந்து கொடுக்க வேண்டும்.

வெறிநோய்

மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 பங்கு நாய்க்கடியால் வருவது. நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பதோ முற்றும் இயலும். பாஸ்டர் 1885இல் தடுப்பூசியைக் கண்டார். நம் மாகாணத்தில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இலேயே தொடங்கப்பட்டது. அவ்வாறிருந்தும் மரணங்கள் நேர்வது, காயத்தைக் கழுவாமையாலும் மிளகாய், சுண்ணாம்பு, பச்சிலை வைத்துக் காலங்கடத்துவதாலுமே. கடித்தவுடன் ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். குறித்த நாட்களிலெல்லாம் ஊசியைத் தவறாது முடித்தல் வேண்டும். காயம் ஆழமாயின் காயத்திலேயே போடும் மருந்தும் அவசியம். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் 10 நாள் கவனிக்க வேண்டும். வெறிநோயுள்ள நாய் பெரும்பாலும் அதற்குள் இறந்துவிடும். அதுவரை ஊசியைத் தள்ளிப் போடலாகாது. வெறிநாய் என்றால் ஓடிக் கடிப்பதே என்றும் எண்ணற்க. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, மூலையில் பேசாது முடங்கும் வகையும் உண்டு.

மாட்டுக்கும் இந்நோய் வரும். மாடு தொண்டை மாறிக் கத்தும்; எச்சில் வடிக்கும்; தீனி விழுங்காது. தொண்டையில் ஏதோ சிக்கியதென்று வாயில் கைவிட்டுப் பார்ப்பவருக்கு அபாயம் மிகுதி. அவ்விதக் குறி கண்டால் கைவிடாமல் கால்நடை மருத்துவரை அழைக்கவும். அதன் பாலைப் பச்சையாக யாரும் பருகலாகாது. நாய் கடித்த மாட்டுக்கும் உடனே ஊசி போட வழியுண்டு.

வளர்ப்பு நாய்க்கு 3ஆம் மாதத்தில் முதல் ஊசியும், மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு 70க்கு ஊசி போட்டால் நோய் பரவாது நின்றுவிடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தார் கொள்கை.

பெருக்கத்தைத் தடுத்தல்

பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவமடைந்து, சுமார் 63 நாளில் ஈனும். அண்மை ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில் பக்கங்களில் நாய்க்கூட்டங்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கொன்று குடியானவர்கள் போராட நேர்ந்ததை யாவரும் அறிவர். கொன்றொழித்தால் தீருமே என்பதும் புதிய யோசனையன்று. சென்னை மாநகராட்சி நெடுங்காலம் அவ்வாறே செய்தும் நாய் குறையவில்லை. கடைசியில், 1959இல் தோன்றிய புளூ கிராஸ் சங்கம் வற்புறுத்தி வந்த கருத்தடை முறையை 1996இல் மேற்கொண்டது. எச்சிலும் குப்பையும் உள்ள இடம் காலியாக நிற்பதில்லை. வேறு நாய் வந்து நிரப்புகிறது. 2023ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் விதிகளின்படி கருத்தடையும் ஊசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுவது உள்ளாட்சியின் கடமை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களில் பிடித்தவற்றை மீண்டும் அங்கே விடலாகாதென உச்சநீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. திருவண்ணாமலையில் அருணாசலா விலங்குகள் சரணாலயத்தார் பல ஆண்டுகளாகச் சிகிச்சையும் கருத்தடையும் செய்து வருகின்றனர்.

ஊராட்சியினர் முதலில் செய்யத்தக்கது, இறைச்சிக் கடைக் கழிவும், இறந்த கோழிகளும், அன்னதான இலைகளும் ஏரிக்கரையில் குவியாதபடி பார்ப்பது. அடுத்தபடி, கால்நடை மருந்தகத்துடன் பேசி ஊசிக்கு ஒரு நாள் குறித்துத் தண்டோரா போட்டறிவிப்பது. காது நுனியில் சிறிது வெட்டப்பட்ட நாய் கருத்தடை ஆனதென்று அறிந்துகொள்ளலாம்; எஞ்சியவற்றுள் பெட்டைகளை முதலில் அனுப்புவது அனுகூலம். களத்திலும் கொல்லையிலும் நாய் வைத்திருப்போர் ஊசிச் சீட்டைப் பட்டா, சிட்டாவுடன் ஒரே உறையில் வைத்திருந்தால் கேட்டபோது தேட வேண்டியதில்லை.