வழுக்குவது காலா, தரையா?

யாராவது வழுக்கி விழுந்தால் நமக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. விழுந்தவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து போய்விடுகிறார். அடுத்தவரும் அதே இடத்தில் விழுகிறார். பட்டறை, ஓட்டல், மெஸ் என்று வேலைக்குப் போகிறவர்கள் நம் சங்கக் குடும்பங்களில் ஏராளம் என்பதால் இதை எழுதுகிறேன்.

1993 மழைக்காலம். தானேயில் ஒரு பட்டறையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். லேத் ஒன்றிலிருந்து கூலண்ட் கசிந்து நடைவழியில் தேங்கியிருந்ததைக் காலையிலேயே பார்த்தேன். பெருக்குகிறவர் வருவார் என்று தாண்டிப் போய்விட்டேன். பதினொரு மணிக்கு, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் கையில் சுமையோடு வந்து அதில் கால் வைத்தான். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஊரில் அவனுடைய மணியார்டரை நம்பி மூன்று பேர் இருந்தார்கள். விபத்துத் தாளில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

அது சரியல்ல. நடக்கும்போது குதிகால் ஊன்றுகிற கணத்தில் தரை அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் எவ்வளவு கவனமானவருக்கும் கால் முன்னே ஓடிவிடும். விழும்போது கை தானாகவே ஊன்றப் போகும். உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். அன்று நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 32-ஆவது பிரிவில், தரையிலும் படியிலும் நடைவழியிலும் தடங்கலோ வழுக்கும் பொருளோ இருக்கக்கூடாது என்றுதான் சொன்னது. தொழிலாளியின் காலைப் பற்றி அதில் பேச்சில்லை.

எண்ணெய் சிந்தினால் வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள், பரவத்தான் செய்யும். முதலில் ஆட்களை விலக்கி மரத்தூளைப் போடுங்கள். ஊறியதும் வாரிவிட்டு, சோப்பு கலந்த வெந்நீரால் தேய்த்து, அலசி, உலரவிடுங்கள். மெஸ் சமையற்கட்டுக்கும் இதேதான். மழைக்காலத்தில் வாசலில் சாக்குப் போடுகிறோமே, அதன் மடிப்பே காலைத் தடுக்கிவிடும்! குறுக்கே கிடக்கும் வயர், விளிம்பு உடைந்த படி, எரியாத பல்பு இவற்றையும் பார்த்த அன்றைக்கே சொல்லிச் சரிசெய்ய வேண்டும்.

எங்கள் பட்டறையில் கசிவுக்குக் காரணம் தேய்ந்துபோன ஒரு வாஷர். பையன் விழுந்த மறுநாள் அதை மாற்றினோம். பத்து நிமிட வேலை.