எடைக்கல் ஆடியபோது: நண்டு நெபுலா தரும் பாடம்

"குர்ஆன் கூறும் 'தாரிக்' பல்சர்தான்!" என்ற வாட்ஸ்அப் செய்தி நம் குடும்பக் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. பேகம்பூரில் ஜும்ஆ முடிந்ததும் இளைஞர்கள் செல்போனை நீட்டி, "ஹஜ்ரத், இது சரியா?" என்று கேட்கிறார்கள். பதிலாக ஒரு பல்சரின் கதையைச் சொல்கிறேன்.

தை மாதத்தில் இஷா தொழுதுவிட்டு, திண்டுக்கல் தெருவிளக்குகளைத் தாண்டி வயல்வெளிப் பக்கம் சென்று வானத்தைப் பாருங்கள். உச்சியில் சிவந்து தெரிவது ரோகிணி, அரபியில் அத்தபரான். அதற்குச் சற்றுக் கிழக்கே, வெறும் கண்ணுக்குப் புலப்படாமல், சுமார் 6500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது நண்டு நெபுலா. 1054இல் மக்கள் கண்ட விண்மீன் வெடிப்பின் மிச்சம் அது. சீனர்கள் அதைப் பகலிலேயே 23 நாட்கள் கண்டார்கள். பக்தாத் மருத்துவர் இப்னு புத்லான் ஹிஜ்ரி 446இல் தோன்றியதாகக் குறித்த விண்மீனும் இதுவே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதன் நடுவிலுள்ள பல்சர் சுமார் 20 கிலோமீட்டர் அகலம்தான். நொடிக்கு 30 முறை சுழல்கிறது. அதிலிருந்து காற்றுபோல வீசும் துகள்களே நெபுலாவை ஒளிர வைக்கின்றன. அந்த ஒளி மாறாதது என்று நம்பி, மற்ற விண்பொருட்களை அளக்க அதையே விஞ்ஞானிகள் எடைக்கல்லாக வைத்திருந்தார்கள்.

2010 செப்டம்பரில் இத்தாலியின் அஜைல், அமெரிக்காவின் ஃபெர்மி செயற்கைக்கோள்கள் அங்கிருந்து வரும் காமா கதிர்கள் சில நாட்கள் திடீரென எகிறியதைக் கண்டன. 2011 ஏப்ரலில் அது வழக்கத்தைவிட 30 மடங்கு வரை போனது. பல்சரின் துடிப்பில் மாற்றமில்லை. கொந்தளித்தது அதைச் சுற்றியுள்ள துகள் காற்று. சில மணி நேரத்திலேயே ஒளி கூடிக் குறைந்ததால், 11 ஒளியாண்டு அகலமுள்ள நெபுலாவில் நம் சூரியக் குடும்பத்தின் அளவேயான ஓரிடத்தில் அது நிகழ்ந்திருக்க வேண்டும். காந்தப்புலக் கோடுகள் அறுந்து மீண்டும் இணையும்போது எலக்ட்ரான்கள் உந்தப்படுகின்றன என்பது ஒரு முக்கிய விளக்கம். ஆய்வு தொடர்கிறது.

எடைக்கல்லே ஆடிவிட்டது. விஞ்ஞானிகள் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். அதுதான் அறிவியலின் இயல்பு. வஹீயின் பொருளை அதில் கட்டிவைத்தால், விளக்கம் மாறும் நாளில் நம் பிள்ளையின் ஈமான் அல்லவா ஆடும்? முஃபஸ்ஸிர்கள் தாரிக்கை இரவில் தோன்றும் விண்மீன் என்றார்கள். சிலர் சுரையா என்றும் கூறினார்கள். பல்சரைக் காட்டித்தான் குர்ஆனை மெய்ப்பிக்க வேண்டும் என்ற தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

அந்தச் செய்தியைப் பகிர்வதற்குப் பதில், நம் மாவட்டத்திலேயே 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வானத்தைச் சிந்திக்கச் சொன்ன இறைவன், அதைப் படிப்பதையும் இபாதத்தாக ஏற்றுக்கொள்வானாக. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.