கயிறு பிடிப்போர் வேண்டும்: மறைபணிக் குடும்பங்களுக்கு நமது துணை

கிணறு வெட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒருவர் கீழே இறங்குகிறார். மற்றவர்கள் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். மேலே நிற்பவர் வெயிலுக்கு ஒதுங்கினாலோ, பேச்சில் மறந்துபோனாலோ கீழே இருப்பவரின் உயிருக்கு ஆபத்து. கிணற்றில் நீர் கண்டதும் இறங்கியவரை எல்லோரும் புகழ்வார்கள். கயிறு பிடித்தவரின் கையில் உள்ள காய்ப்பை எவரும் பார்ப்பதில்லை.

1792ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பப்டிஸ்ற் சபையார் சிலர் கூடி ஒரு மறைபரப்புச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அதன் செயலாளரான அண்ட்ரூ புல்லர், தங்கள் முயற்சியை இதே விதமாக ஆழமான சுரங்கத்துக்குள் ஒருவரை இறக்குவதற்கு ஒப்பிட்டார். இறங்க முன்வந்தவர் வில்லியம் கேரி. புல்லர் தம் சொல்லைக் காத்தார். 1815இல் இறக்கும் வரை ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார், கடிதம் எழுதினார். ஆனால் அந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய வேறொரு விடயம் உண்டு. கயிறு கேரியின் இடுப்பில் மட்டுமே கட்டப்பட்டிருந்தது. இறங்கியவர்களோ ஏழு பேர்.

மறக்கப்பட்ட தாய்

கேரியின் மனைவி டொரதி முதலில் இந்தியாவுக்குப் போக மறுத்தார். தமது சகோதரியும் கூட வருவதானால் வருவேன் என்று பின்னர் இணங்கினார். கைக்குழந்தை உட்பட நான்கு ஆண்பிள்ளைகளோடு 1793இல் அவர்கள் வங்காளத்தை அடைந்தார்கள். கையில் பணம் இல்லை, நிலையான வீடு இல்லை. காய்ச்சலும் வயிற்றோட்டமும் மாறி மாறி வந்தன. ஓராண்டுக்கும் மேலாக ஊரிலிருந்து ஒரு கடிதம் கூட வந்து சேரவில்லை. 1794இல் ஐந்து வயது மகன் பீற்றர் இறந்தான். அதன்பின் டொரதியின் மனம் கலங்கியது. அவர் மீளவேயில்லை. 1807இல் அந்த நிலையிலேயே இறந்தார்.

கேரி வேதாகமத்தை மொழிபெயர்த்ததையும் அச்சகமும் கல்லூரியும் அமைத்ததையும் உலகம் அறியும். அந்தப் பணிக்கு டொரதி கொடுத்த விலையைப் பலர் அறியார். இடம்பெயர்ந்த நாட்களில் பிள்ளையை இழந்த தாய்மாரை நாம் அறிந்திருக்கிறோம். ஆகவே அவருடைய துயரத்தை விசுவாசக் குறைவு என்று நாம் சொல்லமாட்டோம். அருகிருந்து அழ ஒருவரும் இல்லாத இடத்தில் ஒரு தாய் தனித்துவிடப்பட்டார் என்பதே உண்மை.

மறைபணிக் குடும்பம் என்பது யார்?

கத்தோலிக்கரான நமக்கு மறைபரப்பாளர் என்றவுடன் ஒரு குருவானவரோ அருட்சகோதரியோ நினைவுக்கு வருகிறார். ஆனால் பொதுநிலையினரும் குடும்பமாகப் புறப்பட்டுப் பணிபுரிவது திருச்சபை அளவு பழைமையானது. 1981இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் குடும்பத்தைப் பற்றி எழுதிய ஊக்கவுரையில், தொடக்கத் திருச்சபையின் அக்கில்லாவையும் பிரிஸ்கில்லாவையும் இதற்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்.

இவர்கள் யார் என்பதைத் திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. யூதர்கள் உரோமையை விட்டு வெளியேற வேண்டும் என்று கிளவுதியு பேரரசன் கட்டளையிட்டதால் தம் இடத்தை இழந்து கொரிந்துக்கு வந்தவர்கள் அவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். அதே தொழில் தெரிந்த பவுலடிகளார் அவர்கள் வீட்டில் தங்கி வேலை செய்தார். பின்னர் எபேசில் அப்பொல்லோவுக்கு இறைநெறியை விளக்கியவர்களும் இவர்களே. அவர்களது வீட்டில் இறைமக்கள் கூடினார்கள். அரச கட்டளையால் துரத்தப்பட்ட ஒரு தொழிலாளர் குடும்பம் திருச்சபையின் முதல் மறைபணிக் குடும்பங்களில் ஒன்றாகியது. வீடு இழந்தவர்கள் பிறருக்கு வீடாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் பங்குகளிலும் இத்தகைய குடும்பங்கள் உண்டு. குருவானவர் வர முடியாத கிராமங்களிலும், முகாம்களிலும், மீளக்குடியேறிய இடங்களிலும் செபமாலையை நடத்தியவர்கள், மறைக்கல்வி கற்பித்தவர்கள், இறந்தவரை அடக்கம் செய்தவர்கள் நமது உபதேசியார்மார். அவர்களுடைய மனைவியும் பிள்ளைகளும் அந்தப் பணியின் பாரத்தைச் சேர்ந்தே சுமந்தார்கள். இவர்களுக்கு நீதியான ஊதியமும், தகுந்த வாழ்க்கை நிலையும், சமூகப் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மறைபரப்புப் பணி பற்றிய ஏட்டில் கூறியது. ஆகவே இது தர்மம் கொடுக்கும் விடயம் அன்று, நீதி சார்ந்த விடயம்.

யாழ்ப்பாணத்தில் கற்ற பாடம்

1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரியும், 1824இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும் தோன்றின. உடுவில் பாடசாலையைத் தொடங்கியவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். இங்கே பிறந்த அவரது மகன் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். அங்கே போய்ச் சேர்ந்து சிறிது காலத்தில், 1832இல் இறந்தான். அடுத்த ஆண்டு தாயும் யாழ்ப்பாணத்திலேயே காலமானார். நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தந்தவருக்குத் தம் சொந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்க வழி இருக்கவில்லை.

காலப்போக்கில் சபைகள் பாடம் கற்றன. யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிசன் 1834இல் மதுரையில் பணியை ஆரம்பித்தது. அங்கே காய்ச்சலும் வாந்திபேதியும் வாட்டவே, 1845இல் கொடைக்கானல் மலையில் ஓய்வுக்கென வீடுகள் கட்டினார்கள். 1901இல் அங்கேயே மிசனரிமாரின் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. கப்பலேறி மாதக்கணக்காகப் பிரிய வேண்டியிருந்த பிள்ளைகள் சிலநாட் பயணத்தில் பெற்றோரைக் காணக் கூடியதாயிற்று. இந்த ஓய்வு வீட்டையும் பாடசாலையையும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. மிளகாய் நாற்றைப் பிடுங்கி நட்டால் வேர் பிடிக்கும் வரை நிழலும் நீரும் கொடுக்கிறோம் அல்லவா? இதுவும் அத்தகையதே.

நம்மவர் அனுப்பிய பணியாளர்கள்

மறைபணியாளரை அனுப்புவது வெள்ளைக்காரரின் வேலை, பெற்றுக்கொள்வது நமது வேலை என்ற எண்ணம் தவறு. 1900ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்து மாணவர்கள் ஒரு மிசன் சங்கம் அமைத்து, தமிழ்நாட்டின் தொண்டிப் பகுதியில் பணி நடத்தினார்கள். 1902இல் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைக் கண்டார். இலங்கைத் தமிழர் தங்கள் பணத்தால் இந்தியாவில் பணி செய்யும்போது இந்தியத் திருச்சபை சும்மா இருக்கலாமா என்ற கேள்வி அவரைத் தைத்தது. 1903இல் திருநெல்வேலி இந்திய மிசனரிச் சங்கம் தோன்றியது. இந்தியர்களே பணியாளர், இந்தியரின் பணமே மூலதனம், இந்தியர்களே நிர்வாகிகள் என்பது அதன் கொள்கை.

1909இல் அசரியா தாமே தம் குடும்பத்தோடு ஐதராபாத் சமஸ்தானத்தின் தோர்ணக்கலுக்குச் சென்றார். அங்கே மொழி தெலுங்கு, ஊர் புதிது. அவருடைய மனைவி அன்பு மாரியம்மாள் கல்வி கற்ற பெண்மணி. அந்தப் பகுதிப் பெண்கள் நடுவே அவர் பணிபுரிந்தார். 1912இல் அசரியா ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதலாவது இந்தியப் பேராயரானார். அவர்களைத் தாங்கி நின்ற பலம் தென்தமிழ்நாட்டுக் கிராமத்துச் சபைகளின் காணிக்கை.

ஒரு பிடி அரிசி

ஏழைகளால் இது இயலுமா என்று கேட்போருக்கு மிசோராம் விடை தருகிறது. இந்தியாவின் வடகிழக்கில் மலைச்சரிவில் சேனைப் பயிர் செய்து வாழும் மக்கள் அவர்கள். 1910இலிருந்து அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் சமைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. அதைச் சேர்த்து, விற்று, வரும் பணத்தால் நற்செய்திப் பணியாளரைத் தாங்குகிறார்கள். ஒரு நூற்றாண்டைக் கடந்தும் வழக்கம் நிற்கவில்லை.

இதில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கொடுப்பது சிறிது, ஆனால் ஒழுங்கானது. ஒருமுறை பெரிய தொகையும் பிறகு ஆறு மாதம் ஒன்றுமில்லாமலும் இருந்தால் ஒரு குடும்பம் எப்படிச் சீவிக்கும்? இரண்டாவது, அடுப்படியில் நிற்கும் தாயே அதைச் செய்கிறார். பிடியரிசி நமக்கும் புதிய சொல் அன்று.

நிவாரணத்தில் வாழ்ந்த மக்களிடம் கொடுக்கும்படி கேட்கலாமா? கட்டாயமாகக் கேட்கக் கூடாது. பட்டினி கிடக்கும் பிள்ளையின் பிடியை எடுப்பது இறைவனுக்கு ஏற்றதன்று. ஆனால் ஏழைக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை என்று முடிவு செய்வதும் அவனை அவமதிப்பதாகும். மக்கதோனியத் திருச்சபைகள் கடும் வறுமையிலும் தாமாகவே வேண்டிக்கேட்டுக் கொடுத்ததைப் பவுலடிகளார் கொரிந்தியருக்கு எழுதுகிறார்.

நாம் செய்யக்கூடியவை

1. பெயர் சொல்லிச் செபியுங்கள். ஞாயிறு மன்றாட்டில் பணியாளரின் பெயரோடு மனைவியின் பெயரையும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் அதை அறிவதே முதல் வேலை.

2. கடிதம் எழுதுங்கள். கைத்தொலைபேசி உள்ள இக்காலத்திலும் கையால் எழுதிய கடிதத்தைக் குடும்பம் திரும்பத் திரும்ப வாசிக்கும். எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றார்கள் என்று மட்டும் கேளாதீர்கள். பிள்ளையின் இருமல் மாறியதா, கிணற்றுத் தண்ணீர் நல்லதா என்றும் கேளுங்கள். மாதர் சங்கத்தினர் அந்த மனைவிக்குத் தனியாக எழுதுவது நல்லது. கணவரிடம் சொல்லாத கவலையை அவர் அங்கே சொல்லக்கூடும்.

3. சிறிதாக, ஒழுங்காகக் கொடுங்கள். மூவர் கொண்ட சிறு குழு பொறுப்பெடுக்கட்டும். அவர்களில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். வரவையும் செலவையும் கொப்பியில் எழுதி மாதம் ஒருமுறை வாசியுங்கள். அரிசி இல்லாதவர் தேங்காயோ விதையோ வேலைநாளோ கொடுக்கலாம்.

4. பிள்ளைகளின் படிப்பைப் பாருங்கள். விடுகைப் பத்திரமும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் இல்லாமல் பாடசாலை வாசலில் நின்ற அனுபவம் நமக்கு உண்டு. அந்த அலைச்சலில் உதவ நாமே தகுந்தவர்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை நம் வீடொன்றில் சொந்தப் பிள்ளையாகத் தங்கவைக்கலாம்.

5. ஓய்வு கொடுங்கள். ஆண்டில் இரண்டு மூன்று கிழமையாவது அவர்கள் விடுப்பில் வர வேண்டும். அந்நாட்களில் அவர்களைக் கோயில் கோயிலாகப் பேச அழைத்துக் களைப்படையச் செய்யாதீர்கள்.

6. ஊரில் உள்ள காணியைக் காத்து வையுங்கள். வேலியடைக்கவும், கிணற்றை இறைத்து வைக்கவும், ஒரு போகம் பயிரிட்டுப் பங்கு கொடுக்கவும் அயலவர் இருந்தால் திரும்பி வருவதற்கு ஒரு இடம் இருக்கும். விட்டுவந்த காணியை யார் பார்க்கிறார்கள் என்ற கவலை இரவில் எப்படித் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

7. திரும்பி வருபவரை வரவேற்றுச் செவிமடுங்கள். நோயாலோ மனச்சோர்வாலோ பணியை இடையில் விட்டு வந்தாலும் குறை கூறாதீர்கள். டொரதிக்குக் கிடைக்காத ஆறுதல் இவர்களுக்குக் கிடைக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். நாம் அனுப்பும் உதவி குடும்பத்தின் வாழ்வுக்காகவே. நிவாரணத்தைக் காட்டி எவரையும் மதம் மாறத் தூண்டுவதற்கு அதைப் பயன்படுத்தலாகாது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ விசுவாசத்துக்குக் கொண்டுவருவதை வத்திக்கான் சங்கம் கண்டிப்பாகத் தடைசெய்திருக்கிறது. பசியில் இருந்தவர்களுக்கு இந்தத் தடையின் நியாயம் நன்றாக விளங்கும்.

மறைபணிக் குடும்பம் தானாக விரும்பி இடம்பெயர்ந்த குடும்பம். நாம் விரும்பாமல் இடம்பெயர்ந்தோம். வேறுபாடு பெரிது. ஆயினும் புதிய ஊரில் முதல் இரவு, தெரியாத கடைத்தெரு, பிள்ளையின் அழுகை, ஊர்க்கடிதத்துக்கான காத்திருப்பு ஆகியவை இரு சாராருக்கும் பொதுவானவை. அவர்களுக்கு எப்போது எது தேவைப்படும் என்பதைச் செல்வச் செழிப்பான பங்கைவிட நாம் எளிதில் அறிவோம்.

அன்பியங்களிலும் சங்கங்களிலும் கலந்துரையாட:

அ) நம் பங்கிலிருந்து வெளியே சென்று பணிபுரியும் குடும்பங்கள் எவை? நம் மத்தியில் பணிபுரியும் உபதேசியாரின் குடும்பம் எப்படி வாழ்கிறது?

ஆ) அவர்களுக்கு இப்போது எது தேவை என்று கடைசியாக எப்போது கேட்டோம்?

இ) மேலே கூறிய ஏழில் வரும் மாதம் நாம் தொடங்கக்கூடிய ஒன்று எது? அதற்கு யார் பொறுப்பு?