காதுக்கு ஒன்று, காகிதத்தில் வேறொன்று

ஆங்கிலம் தெரியாதிருப்பது குற்றமல்ல. ஆனால் வங்கியிலும் வைத்தியசாலையிலும் பிரதேச செயலகத்திலும் நம் காதில் விழும் சில ஆங்கிலச் சொற்கள் கேட்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். பேச்சில் மாறினால் சிரித்துவிட்டுப் போகலாம். கையெழுத்து வைக்கும் காகிதத்தில் மாறினால் கடனும் காணியும் சிக்கலாகிவிடும். வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தனியே சுமக்கும் சகோதரிகள் இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

டிசீஸ் – டிசீஸ்ற்

'டிசீஸ்' என்றால் நோய். 'டிசீஸ்ற்' என்றால் இறந்தவர். விரைவாகச் சொல்லும்போது கடைசி ஒலி கேட்காது. எழுத்தைப் பார்த்தால் பிரித்தறியலாம். நோய்க்கான சொல் 'டி, ஐ, எஸ்' என்று தொடங்கும். இறந்தவருக்கான சொல் 'டி, ஈ, சி' என்று தொடங்கும்.

கணவரின் விபரம் கேட்கும் படிவங்களில் இச்சொல் வருவதுண்டு. கணவர் காணாமற்போன ஒருவர் விளங்காமல் அந்தப் பெட்டியில் அடையாளமிட்டால், கணவர் இறந்துவிட்டார் என்று அவரே எழுதிக் கொடுத்ததாகிவிடும். காணாமற்போனவரைக் குறிக்கும் சொல் 'மிஸ்ஸிங்'. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழி செய்தது. எதைப் பெறுவது என்பது அந்தக் குடும்பம் யோசித்து எடுக்கவேண்டிய முடிவு. விளங்காத ஒரு சொல் அதனைத் தீர்மானித்துவிடக் கூடாது.

டெற் – டெத்

'டெற்' கடன், 'டெத்' மரணம். கடனுக்கான சொல்லின் நடுவில் 'பி' என்ற எழுத்து இருக்கும், ஆனால் அது வாயில் வராது. 'டேற்' என்று நீட்டிச் சொன்னால் அது திகதி.

கிறான்ற் – கரன்ரர்

'கிறான்ற்' என்பது திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத மானியம். 'கரன்ரர்' என்பவர் பிணையாளி. நுண்கடன் குழுக்களில் ஒருவருக்கொருவர் பிணை நிற்பது வழக்கம். உதவி கிடைக்கிறது என்று நினைத்து 'கரன்ரர்' என்ற இடத்தில் கையெழுத்திட்டால், கடன் எடுத்தவர் கட்டத் தவறும்போது அதைக் கட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

பிறின்சிபல்

இந்த ஒலியில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று கொள்கை என்று பொருள்படும். மற்றது பாடசாலை அதிபரையும் குறிக்கும், கடனின் முதலையும் குறிக்கும். கடன் புத்தகத்தில் வருவது முதல். நீங்கள் கட்டும் தவணையில் முதலுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு கழிகிறது என்று கேளுங்கள். வட்டி மட்டுமே கழிந்தால் கடன் குறையாது.

லீஸ் – றிலீஸ்

'லீஸ்' குத்தகை, 'றிலீஸ்' விடுவிப்பு. காணி விடுவிப்பை எதிர்பார்த்திருப்பவர்கள் இதில் கவனமாக இருக்கவேண்டும். விடுவிப்புக் கடிதம் என்று நினைத்து, சொந்தக் காணியை இன்னொருவருக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிடக் கூடாது.

எலிஜிபிள் – இலெஜிபிள்

'எலிஜிபிள்' என்றால் தகுதியுடையவர். 'இலெஜிபிள்' என்றால் எழுத்து வாசிக்க முடியாதபடி இருக்கிறது என்று பொருள். விண்ணப்பம் 'இலெஜிபிள்' என்று திரும்பி வந்தால் உங்களுக்குத் தகுதியில்லை என்று மனமுடைய வேண்டாம். தெளிவாக எழுதி மீண்டும் கொடுங்கள்.

ஃபிஃப்ரீன் – ஃபிஃப்ரி

முன்னையது 15, பின்னையது 50. 13–30, 14–40 என்பனவும் இப்படித்தான். 'ரீன்' என்று நீண்டு முடிந்தால் பதின்மூன்று, பதினான்கு என்ற வரிசை. 'ரி' என்று குறுகி முடிந்தால் முப்பது, நாற்பது என்ற வரிசை. மருந்தின் அளவையும் தவணைத் தொகையையும் காதை மட்டும் நம்பி ஏற்காதீர்கள். இலக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சகோதரிகளே, இத்தனை சொற்களையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. இந்தப் பழக்கங்கள் போதும். விளங்காத சொல்லை எழுதித் தரச் சொல்லுங்கள். அதன் பொருளைத் தமிழில் கேளுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். கையெழுத்திட்டதன் பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். அவசரப்படுத்தினால், "வாசித்துப் பார்த்து நாளைக்குக் கொண்டு வாறன்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழை நிருவாக மொழியாக்கியது. ஆகவே அரச அலுவலகத்தில் "தமிழில் சொல்லுங்கோ" என்று கேட்பது உங்கள் உரிமை. ஒருமுறை கேட்க வெட்கப்பட்டால், அந்தக் கையெழுத்துக்காகப் பல வருடங்கள் அலைய நேரலாம்.