தரம் ஒன்று, விலை வேறு ஏன்?

விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒரே ரக மணிலா இன்றொரு விலையும் நாளையொரு விலையும் போவதை அறிவோம். பழைய நாணய ஏலமும் அப்படித்தான்.

தரம் பெரும்பாலும் தேய்மானத்தையே சொல்லும். ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில் 1938ஐக் காட்டிலும் 1939 மிக அரிது. தரம் ஒன்றானாலும் விலை பல மடங்கு. ஆண்டும் ஒன்றே என்றால்? அச்சின் தெளிவு, இயற்கையாகப் படிந்த நிறம், முன்பு வைத்திருந்தவரின் பெயர் ஆகியவை விலையைக் கூட்டும். இருவர் விடாப்பிடியாகக் கேட்டால் விலை ஏறும். ஒருவரே கேட்டால் ஆரம்ப விலையோடு நிற்கும்.

ஆகவே ஒரே ஏலத்து விலையை நம்பிப் பழங்காசில் முதலை முடக்காதீர்கள். நாலைந்து ஏல விலைகளை ஒப்பிடுங்கள். வீட்டிலுள்ள காசைப் புளி போட்டுத் துலக்கவும் வேண்டாம். பளபளப்பு கூடும், விலை இறங்கும்.