'போயிட்டு வரேன்'னு சொல்லாதீங்க!

ப்ளஸ் டூ-வில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்த கோஷ்டியா நீங்க? காலேஜிலும் அதையே விடாம பிடிச்சுட்டு இருக்கீங்களா? அப்படின்னா பிரான்ஸ் பள்ளிக்கூடங்கள்ல இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் 'லாங்வேஜ் அசிஸ்டென்ட்' வேலை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. பல நாட்டு மாணவர்கள் போகிற அந்தத் திட்டத்தில் இந்தியாவும் உண்டு. அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஏழு மாசம். வாரத்துக்கு 12 மணி நேரம் வகுப்பு. கிளம்பும்போது விசா, ஸ்வெட்டர், புளிக்காய்ச்சல்னு ஆளாளுக்கு அட்வைஸ் தருவாங்க. அங்கிருந்து விடைபெறுவதைப் பற்றி ஒருத்தரும் வாயே திறக்க மாட்டாங்க. அதுக்குத்தான் இது!

முதல் அதிர்ச்சி, தேதி. ஏப்ரல் 30 வரை டைம் இருக்குன்னு நிம்மதியா இருப்பீங்க. ஆனா அங்கே வசந்த கால லீவு ரெண்டு வாரம். நாட்டை மூணு மண்டலமாப் பிரிச்சு, வேற வேற தேதியில் விடுவாங்க. உங்க மண்டலத்துக்கு அது ஏப்ரல் கடைசியில் விழுந்தா, மாத நடுவிலேயே கடைசி வகுப்பு முடிஞ்சு போயிருக்கும். அதுவும் ஒரே நாளில் இல்லை. ஒவ்வொரு வகுப்பையும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் பார்ப்பீங்க. திங்கள்கிழமை ஒரு டாட்டா, செவ்வாய்க்கிழமை இன்னொரு டாட்டா. வியாழக்கிழமை ஆசிரியர்கள் ஸ்ட்ரைக்னா (அங்கே அது சகஜம் பாஸ்!) அந்த வகுப்புக்கு டாட்டாவே கிடையாது. அதனால மார்ச்சிலேயே காலண்டரை எடுத்து, வகுப்பு வாரியாகக் கடைசி நாளைக் குறிச்சுக்கோங்க. கட்டில், மேஜையோடு வாடகைக்கு எடுத்த வீடுன்னா, ஒரு மாசம் முன்னாடியே எழுத்து மூலமா நோட்டீஸ் தரணும். ஆக, முதல் குட்-பை பசங்களுக்கு இல்லை, ஹவுஸ் ஓனருக்கு!

இனிமேதான் கஷ்டமான கட்டம். எட்டு வயசு வாண்டு ஒண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு, "அடுத்த வருஷமும் வருவீங்கதானே?"ன்னு கேட்கும். நம்ம வாய்க்கு 'போறேன்'னு வரவே வராது. அபசகுனம்! 'போயிட்டு வரேன்'தான். பிரெஞ்சுக்காரங்க சொல்ற 'ஓ ரெவ்வார்'கூட ஏறக்குறைய அதேதான், 'மறுபடி பார்க்கும் வரை'. பெரியவங்களுக்கு அது வெறும் மரியாதை. அந்த வாண்டுக்கு அது வாக்கு. செப்டம்பரில் பள்ளி திறந்ததும் வாசலைப் பார்த்துட்டு நிற்கும்.

உங்க ஒப்பந்தம் தானா நீளாது. நீட்டிச்சாச்சுன்னு கையில் பேப்பர் வராதவரை, "வருவேன்" வேண்டாமே. "இல்லடா கண்ணா, என் வேலை இந்த மாசத்தோட முடியுது, எங்க ஊருக்குப் போறேன்"னு நேராச் சொல்லுங்க. கண்ணு கலங்கும். கலங்கட்டும்! அந்த அழுகையை நிறுத்தணும்னு ஒரு பொய் சொல்றது, குழந்தைக்காக இல்லை, நாம தப்பிக்கிறதுக்காக. உங்களுக்குத்தான் ஏப்ரலோடு மூட்டை கட்டு. பசங்களுக்கு ஜூலை ஆரம்பம் வரை பள்ளி உண்டு. அதுவரை இங்கிலீஷ் யார் எடுப்பாங்கன்னு வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வெச்சு, அதையும் சொல்லிட்டு வாங்க. அஞ்சாம் வகுப்பா இருந்தா கொஞ்சம் சுலபம். அங்கே ஆரம்பப் பள்ளி அதோடு முடிஞ்சுடும். "நானும் போறேன், நீங்களும் வேற ஸ்கூலுக்குப் போறீங்க"ன்னா கணக்கு சரியாயிடும்.

க்ரூப் போட்டோ ஆசையா? பெற்றோரோட எழுத்து அனுமதி இருக்கான்னு முதல்ல கேளுங்க. போன் நம்பர், இன்ஸ்டா ஐடி எல்லாம் பசங்களுக்கு நோ! ஊருக்கு வந்து ஒரு போஸ்ட் கார்டு போடறேன்னு மட்டும் சொல்லலாம். பள்ளி முகவரிக்கு, மொத்த வகுப்புக்கும் சேர்த்து. சொன்னா, ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டுடணும்.

கடைசியா ஸ்டாஃப் ரூம். வேலையை விட்டுப் போறவங்க அங்கே சின்னதா ஒரு பார்ட்டி வைப்பாங்க, 'போ து தெபார்'னு பேர். பெரும்பாலும் செலவு உங்களோடதுதான். முறுக்கு மிச்சம் இருந்தா எடுத்துட்டுப் போங்க, நிமிஷத்தில் காலி! முடியும்போது சிலர் கன்னத்தோடு கன்னம் வெச்சு விடை கொடுப்பாங்க. ரெண்டா, மூணா, நாலாங்கறது ஊருக்கு ஊர் மாறும். பாதியில் முகத்தைத் திருப்பி மூக்கில் இடிச்சுக்காம, பக்கத்தில் நிக்கறவங்களைப் பார்த்து எண்ணி வெச்சுக்கோங்க!